டெபயின் பள்ளிக்கூடமும் நம்ம ரெண்டு நாடுகளும்

பெகு மகன் (சிங்கப்பூர்)
14 மே 2025, இரவு 10.40

திங்கட்கிழமை காலை பர்மாவில், சகாயிங் பகுதி டெபயின் வட்டத்தில் ஓ தெய்ன் குவின் கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் மேல் ராணுவ விமானம் குண்டு போட்டது. செத்தது பிள்ளைகள் 20, டீச்சர்கள் 2 என்று கணக்கு வருகிறது. கொடிக்கம்பத்துக்கு முன்னால் குவித்து வைத்திருந்த புத்தகப் பைகளின் படம் உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். மார்ச் மாத நிலநடுக்கத்துக்காக அறிவித்த போர்நிறுத்தம் மே கடைசி வரை இருக்கிறது என்று சொன்னவர்கள்தான் இதைச் செய்தார்கள்.

டெபயின் என்றால் மூத்தவர்களுக்கு 2003 மே 30 நினைவு வரும். எதிர்க்கட்சித் தலைவர் ஆங் சான் சூச்சியின் வண்டி வரிசையை மறித்து, தடியோடு வந்த கும்பல் இரவில் ஆட்களை அடித்துக் கொன்ற இடம். அதே வட்டத்தில்தான் 2022 செப்டம்பர் 16 அன்று லெட் யெட் கோன் கிராமத்து மடத்துப் பள்ளியை ஹெலிகாப்டரில் வந்து சுட்டார்கள். குறைந்தது 11 பிள்ளைகள் என்று யுனிசெஃப் சொன்னது. ஒரே வட்டம், மூன்று வருஷத்துக்குள் ரெண்டு பள்ளிக்கூடம்.

மே 9 அன்று ராணுவ ஆட்சித் தலைவர் மின் ஆங் லைங் மாஸ்கோவில் வெற்றி நாள் அணிவகுப்புக்கு விருந்தாளி. அங்கேயே சீன அதிபரையும் பார்த்தார். மூன்றாம் நாள் இந்தப் பள்ளிக்கூடம். வழக்கமாக நாம் ரஷ்யாவையும் சீனாவையும் நாலு வார்த்தை திட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவோம். இந்தத் தடவை எனக்கு அப்படிப் போக மனசு வரவில்லை.

2023 மே மாதம் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் ஓர் அறிக்கை கொடுத்தார். 2021 பிப்ரவரியில் ஆட்சியைப் பிடித்த பிறகு பர்மா ராணுவத்துக்கு வந்து சேர்ந்த ஆயுதம், உதிரிபாகம், ஆயுதம் செய்யும் மூலப்பொருள் எல்லாம் சேர்த்துக் குறைந்தது 100 கோடி டாலர். ரஷ்யாவிலிருந்து 40.6 கோடி. சீனாவிலிருந்து 26.7 கோடி. அடுத்தது சிங்கப்பூர், 25.4 கோடி. அதற்கு அடுத்தது இந்தியா, 5.1 கோடி. பிறகு தாய்லாந்து, 2.8 கோடி. சிங்கப்பூரில் 138 நிறுவனங்கள் அனுப்பியிருக்கின்றன. இந்தியாவில் அரசாங்கத்துக்கே சொந்தமான நிறுவனங்கள் பட்டியலில் இருக்கின்றன, பாரத் எலக்ட்ரானிக்ஸ் உட்பட. யந்திரா இந்தியா என்ற இன்னொரு அரசு நிறுவனம் 122 மில்லிமீட்டர் பீரங்கிக்கான பேரல்களை அனுப்பியதை ஜஸ்டிஸ் ஃபார் மியான்மர் குழு வெளியே கொண்டுவந்தது.

நான் சோறு தின்கிற ஊர் சிங்கப்பூர். என் அக்கா மகள் நர்சிங் படிப்பது கோயம்புத்தூரில். பெகுவிலும் ரங்கூனிலும் பிறந்த தமிழனுக்குத் தப்பிப் போக ரெண்டு வாசல்தான் தெரியும், ஒன்று இந்தியா, இன்னொன்று சிங்கப்பூர். நாம் வெளியே வந்த அதே வாசல் வழியாக அவர்களுக்குப் பொருள் உள்ளே போயிருக்கிறது.

2021 ஏப்ரல் 9 விடியற்காலை நான் பெகுவில் இருந்தேன். துப்பாக்கிச் சத்தத்துக்கு அதற்கு முன்பே பழகியிருந்தோம். அன்று சுவர் அதிர்ந்தது. ராணுவ ஆட்சியை எதிர்த்தவர்கள் போட்டிருந்த மணல்மூட்டைத் தடுப்புகளின் மேல் ராணுவம் கிரனேடு அடித்தது. ஆம்புலன்ஸை உள்ளே விடவில்லை. செத்தது குறைந்தது 82 பேர் என்று அரசியல் கைதிகள் உதவிச் சங்கம் எண்ணியது. பிணத்தை வாங்கப் போனவர்களிடம் 1,20,000 கியாட் கேட்டார்கள் என்று பெகு பல்கலைக்கழக மாணவர் சங்கம் அப்போதே எழுதியது. எங்கள் தெருவில் இட்லிக்கடை வைத்திருந்த பெரியம்மா மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. அந்த மழைக்காலம் முடிந்ததும் நான் கிளம்பிவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் மற்றவரைக் கேட்க எனக்கு வாய் வராது. 2023 செப்டம்பரிலிருந்து வெளிநாட்டில் வேலை பார்ப்பவன் சம்பளத்தில் கால் பங்கை ராணுவ ஆட்சி காட்டும் வங்கி வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அவர்கள் வைத்த விலைக்கு டாலரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கியாட் கொடுப்பார்கள். உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆள் வழியாக, போட்டால் அம்மாவுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போனபோது கவுண்டரில் ரசீது கேட்டார்கள். கட்டினேன். கட்டாவிட்டால் பாஸ்போர்ட் இல்லை, பாஸ்போர்ட் இல்லாவிட்டால் வேலை இல்லை. கியாட்டை அவர்களே அச்சடித்துக்கொள்ளலாம். விமான எண்ணெயை அச்சடிக்க முடியாது, அதற்கு டாலர் வேண்டும். அந்த டாலரில் கொஞ்சம் என்னுடையது.

நாம் என்ன செய்யலாம்? இதைத்தான் கேட்கிறேன்.


கமாயுட் வாத்தியார் (ரங்கூன்)
15 மே, அதிகாலை 2.15

தம்பி, உங்கள் வேதனை புரிகிறது. ஆனாலும் இந்தத் தலைப்பை மூடிவிடும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் அக்கரையிலிருந்து எழுதுகிறீர்கள். இங்கே ராணுவத்தை எதிர்த்துப் பேசினால் பாயும் 505(அ) பிரிவு என்றால் மூன்று வருஷம் வரை உள்ளே. சோதனைச்சாவடியில் முதலில் கேட்பது கைப்பேசியைத்தான்.

நான் பயந்தாங்கொள்ளி என்று நினைக்காதீர்கள். 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது என் தாத்தா புரோமிலிருந்து தவுங்குப் மலைப்பாதை வழியாக இந்தியாவுக்கு நடந்தார். பாட்டி அந்தப் பாதையிலேயே வாந்திபேதியில் போய்விட்டாள். சண்டை முடிந்து தாத்தா திரும்பி வந்து மறுபடியும் கடை வைத்தார். 1964 மே மாதம் 50 கியாட், 100 கியாட் நோட்டு செல்லாது என்றார்கள். கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, பூட்டிக் கதவில் எண் எழுதினார்கள். என் சின்னம்மா கப்பல் ஏறும்போது தாலியிலிருந்த பொன்னைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் மஞ்சள் கயிற்றோடு போனாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அவள் கழுத்தைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அன்று இந்தியா கப்பல் அனுப்பியது, முகாம் போட்டது. ஆனால் அப்போது பர்மாவை ஆண்ட ஜெனரல் நெ வின் அரசாங்கத்தோடு உறவை முறித்துக்கொள்ளவில்லை. அரசாங்கம் அரசாங்கத்தோடுதான் பேசும், தம்பி. நாம் எழுதிக் கேட்கிற காது அதற்குக் கிடையாது. நாம் தலையைக் குனிந்துகொண்டு இருந்ததால்தான் இங்கே கோயில்கள் நிற்கின்றன, தீமிதி நடக்கிறது, ஏதோ பத்துப் பிள்ளைகளாவது ஞாயிற்றுக்கிழமை வந்து அ ஆ எழுதுகின்றன. அதைக் காப்பாற்றுவது என் வேலை என்று நினைக்கிறேன்.


சிரியம் தங்கச்சி
15 மே, மாலை 6.05

ஐயா வணக்கம். தலைப்பை மூட வேண்டாம்னு கேட்டுக்கிறேன். நானும் உள்ளேதான் இருக்கேன். சிரியம் பக்கம்னு மட்டும் வெச்சுக்குங்க.

திலாவா துறைமுகம் எங்களுக்குப் பக்கம். விமான எண்ணெய் இறங்குறது அங்கேதான். 2022 நவம்பர்ல அம்னெஸ்டி அந்த எண்ணெய் எந்தக் கப்பல்ல வந்துச்சு, யாரோட கிடங்குல இறங்குச்சுன்னு வரிசையா எழுதுச்சு. உலகத்துல பெரிய பெரிய எண்ணெய்க் கம்பெனி பேரெல்லாம் இருந்துச்சு. பயணிகள் விமானத்துக்குத்தான்னு சொன்னாங்க. ஒரே தொட்டியில விழுற எண்ணெயில இது பயணிக்கு, இது குண்டுக்குன்னு யாரு பிரிச்சுப் பார்த்தாங்க? 2023 ஆகஸ்ட்ல அமெரிக்கா விமான எண்ணெய் வியாபாரத்துல கை வைக்கிறவங்களுக்குத் தடை வரும்னு சொன்னதுக்கப்புறம் சுத்து வழி பிடிச்சாங்க. வியட்நாம்ல ஒரு கிடங்குல இறக்கி, அங்கேயிருந்து மறுபடி கப்பல்ல ஏத்தி இங்கே கொண்டுவந்தாங்கன்னு அம்னெஸ்டியே அடுத்த அறிக்கையில எழுதுச்சு.

எண்ணெய் லாரி வரிசையாப் போறப்போ எங்க அம்மா வாசல் கதவைச் சாத்திடுவாங்க. தூசிக்காகன்னு சொல்லுவாங்க.

ஐயா, என் தம்பிக்கு 22 வயசு. 2024 பிப்ரவரி 10-ஆம் தேதி கட்டாய ராணுவச் சட்டத்தை எடுத்ததுலேர்ந்து இருட்டினப்புறம் அவனை வெளியே விடுறதில்லை. வார்டுல சீட்டு குலுக்குறாங்க. பேரு வந்தா ஆள் போகணும், இல்லேன்னா காசு போகணும். எத்தனை தடவை காசு குடுக்க முடியும்? நாம வாயை மூடிக்கிட்டு இருந்தாலும் அந்தச் சீட்டுல நம்ம பிள்ளைங்க பேரு இருக்கு. நாளைக்கு அவனுக்கு உடுப்பு மாட்டி ஒரு கிராமத்தைக் கொளுத்தச் சொன்னா அவன் என்ன பண்ணுவான்? இதை நினைச்சாதான் எனக்குத் தூக்கம் வரலை.


மோரே கடைக்காரன்
15 மே, இரவு 9.30

நான் எல்லைக்கு இந்தப் பக்கம், மணிப்பூர்ல மோரே. ஆனா எங்க கதை உங்க கதைதான். 64-க்கு அப்புறம் தமிழ்நாட்டு முகாமுக்குப் போய், அங்கே ஒட்டாம, திரும்பவும் பர்மாவுக்கே நடந்து போயிடலாம்னு வந்து, எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊரான தமு கேட்டுல தடுத்து நிறுத்தப்பட்டு, நின்ன இடத்துலயே ஊர் அமைச்சுக்கிட்டவங்க நாங்க.

2022 ஜூலை 5. எங்க ஊர்த் தமிழ்ப் பையன்க ரெண்டு பேர் தமுவுக்குப் போனாங்க. தினமும் போய் வர்ற வழிதான். சுட்டுப் போட்டாங்க. ராணுவத்துக்குத் துணையா இருக்கிற பியூ சோ ஹ்தீ ஆளுங்க வேலைன்னு ஊர்ல எல்லாரும் சொன்னாங்க. அதுக்காக டெல்லி யாரைக் கூப்பிட்டுக் கேட்டுது? நடு ரோட்டுல செத்த ரெண்டு பேருக்கு என்ன பதில் வந்துது?

சகாயிங்லேர்ந்து ஓடி வந்த சனங்களைப் பார்த்திருக்கேன். கைக்குழந்தையோட ஆத்தைத் தாண்டி வருவாங்க. மிசோரம் மாநிலம் 30,000 பேருக்கு மேல வெச்சு சோறு போடுது, அவங்க மனசுக்குக் கும்பிடு. எங்க மணிப்பூர்ல 2024 மே மாசம் 77 பேரைத் திருப்பி அனுப்பினோம்னு முதலமைச்சரே அறிவிச்சாரு. எங்கேயிருந்து தப்பி வந்தாங்களோ அங்கேயே. 2024 பிப்ரவரியில எல்லையில தடையில்லாம போய் வர்ற ஏற்பாட்டையும் எடுக்குறோம்னு டெல்லி சொல்லிடுச்சு. ஆளு வர்ற வழியை அடைக்கிற அரசாங்கத்துக்கு, பீரங்கி பேரல் போற வழியை அடைக்க முடியாதா?


உளுந்து மண்டி (ரங்கூன் / சென்னை)
16 மே, காலை 8.20

எல்லோருக்கும் வணக்கம். பெகு தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். இறந்த பிள்ளைகளைப் பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் சில விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து போகிறது. அந்த உளுந்தை விளைவிப்பவர்கள் ஏழை விவசாயிகள். இந்தியா முறைத்துக்கொண்டால் முதலில் அடிபடுவது அவர்கள் வயிறு. 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 1,330 கியாட். இன்று 4,000-க்கும் மேல். அரிசி, எண்ணெய், மருந்து எல்லாம் ஏறிவிட்டது. தடை தடை என்று வெளியூரில் இருந்து பேசுவது எளிது.

இந்தியா விலகினால் அந்த இடத்தில் சீனா முழுசாக உட்கார்ந்துவிடும். பிறகு பேச்சுக்குக்கூட ஒரு கதவு இருக்காது. மார்ச் 28 நிலநடுக்கத்துக்கு இந்தியா ஆபரேஷன் பிரம்மா என்று உடனே விமானத்தில் ஆட்களை அனுப்பி மாந்தலேயில் ராணுவ மருத்துவமனை போட்டதா இல்லையா? உறவு இருந்ததால்தானே முடிந்தது?

ராணுவத்தோடு சண்டை போடுகிற எதிர்த்தரப்பும் சுத்தம் இல்லை. தலான், அதாவது ராணுவத்துக்கு உளவு சொல்பவன், என்று சந்தேகப்பட்டாலே சுட்டுப் போட்டுவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வார்டு ஆபீஸ் குமாஸ்தாவை வீட்டு வாசலில் கொன்றார்கள். அவரும் யாருக்கோ அப்பாதான்.


பெகு மகன்
16 மே, இரவு 11.10

அண்ணே, குமாஸ்தாவுக்காக எனக்கும் வருத்தம்தான். வாசலில் வைத்து ஒருவரைக் கொல்வது கொலை, யார் செய்தாலும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் விமானம் ஒரு தரப்பிடம்தான் இருக்கிறது. வெளியிலிருந்து பொருள் வந்தால்தான் விமானம் பறக்கும். அதனால்தான் வெளிநாடுகளைக் கேட்கிறோம்.

உளுந்தை நிறுத்து என்று நான் எழுதவில்லை. உளுந்து வேறு, பீரங்கி பேரல் வேறு. இந்தியா நிறுத்த வேண்டியது ரெண்டாவதை. அதற்கு உறவை முறிக்கத் தேவையில்லை, சிங்கப்பூர் முறிக்கவில்லை. 2023 அறிக்கைக்குப் பிறகு இங்கே அரசாங்கம் அந்தக் கம்பெனிகளை விசாரித்தது, வங்கிகளும் இறுக்கின. 2024 ஜூன் மாதம் ஆண்ட்ரூஸ் அடுத்த அறிக்கை கொடுத்தார். சிங்கப்பூர் கம்பெனிகள் வழியாகப் போனது ஒரே வருஷத்தில் 11 கோடி டாலருக்கு மேலிருந்து ஏறக்குறைய 1 கோடிக்கு இறங்கிவிட்டது. பத்தில் ஒரு பங்கு! இங்கே ஆட்சி மாறவில்லை, ஒரு கதவைச் சாத்தினார்கள், அவ்வளவுதான். அந்த வருஷம் ராணுவம் வெளியே வாங்கியதே மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

முழுசாகச் சொல்ல வேண்டும் என்றால் அதே வருஷம் தாய்லாந்து வழியாகப் போனது ஏறக்குறைய 6 கோடியிலிருந்து 12 கோடியாக ஏறியது. பொருள் வேறு வாசலுக்குப் போனது உண்மை. ஆனால் மொத்தமாகப் போய்ச் சேரவில்லை. சேராமல் போன பணத்துக்கு எத்தனை குண்டு விழாமல் இருந்திருக்கும் என்று யாராலும் எண்ண முடியாது, விழாத குண்டுக்குப் படம் கிடையாது. எனக்கு அந்தக் கணக்குதான் முக்கியமாகப் படுகிறது.

உறவு இருந்தால் சொல் எடுபடும் என்கிறீர்கள். 2021 மார்ச் 27, ராணுவ தினம். நேபிடாவில் அணிவகுப்பு. எட்டு நாடுகள் ஆள் அனுப்பின. ரஷ்யா பாதுகாப்புத் துணையமைச்சரையே அனுப்பியது. இந்தியாவும் ஆள் அனுப்பியது. அன்று ஒரே நாளில் ஊர் ஊராக 100 பேருக்கு மேல் சுட்டுக் கொன்றார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் எந்தச் சொல்லைச் சொன்னார்கள்? 2021 ஜூனில் ஐ.நா. பொதுச்சபையில் ராணுவத்துக்கு எதிரான தீர்மானத்தில் இந்தியா ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்டது. 2022 டிசம்பரில் பாதுகாப்புச் சபையில் பர்மாவில் வன்முறையை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் வந்தபோது 12 நாடுகள் ஆதரித்தன. ஒதுங்கியவை மூன்று: சீனா, ரஷ்யா, இந்தியா. போன மாதம் பாங்காக்கில் மோடியும் மின் ஆங் லைங்கும் உட்கார்ந்து பேசினார்கள். அதற்குப் பிறகுதான் இந்தப் பள்ளிக்கூடம்.


சூலியா பேரன் (ரங்கூன்)
17 மே, இரவு 1.50

பாய்மார்கள் யாரும் இங்கே எழுதுவதில்லை என்று சின்ன வயசிலிருந்து படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்கு எழுதுகிறேன்.

வாத்தியார் ஐயா தலையைக் குனிந்து இருந்தோம் என்றார். உண்மை. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு அரக்கானில் இருந்த முஸ்லிம்களான ரொஹிங்கியா மக்கள் ஏழு லட்சம் பேர் ராணுவத்துக்குப் பயந்து நாஃப் ஆற்றைத் தாண்டி வங்கதேசத்துக்கு ஓடினார்கள். இன் டின் கிராமத்தில் பத்து ஆண்களை முட்டிபோட வைத்துப் படம் எடுத்துவிட்டுக் கொன்று ஒரே குழியில் போட்டார்கள். அப்போது ரங்கூனில் நாம் என்ன பேசினோம்? "நாம அவங்க இல்ல, நாம வேற கலா" (கலா என்பது இந்திய வம்சாவளியினரைப் பர்மாக்காரன் இளக்காரமாகச் சொல்லும் சொல்) என்று பர்மாக்காரனிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தோம். என் வாப்பாவும் சொன்னார்கள். நானும் சொன்னேன். கடையில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே சொன்னேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

கிராமத்தைக் கொளுத்தும் வழி அவர்களுக்குப் புதிது இல்லை. நான்கு வெட்டு என்று அறுபதுகளிலிருந்து வைத்திருக்கிறார்கள். எதிரிக்குச் சோறு, பணம், தகவல், ஆள் நான்கும் கிடைக்காமல் வெட்டு. இந்த நான்கும் கிடைப்பது கிராமத்தில், அதனால் கிராமத்தையே இல்லாமல் ஆக்கு. கரென் மலையில் செய்தார்கள், கச்சினில் செய்தார்கள், அரக்கானில் செய்தார்கள். 2021 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கயா மாநிலத்தில் மோ ஸோ கிராமத்துக்குப் பக்கத்தில் 35 பேருக்குக் குறையாமல் வண்டியோடு எரித்தார்கள். இப்போது பர்மியப் புத்த கிராமங்களிலேயே செய்கிறார்கள்.

2019-இல் ஐ.நா. உண்மை அறியும் குழு, இந்த ராணுவத்துக்கு ஆயுதம் விற்ற 14 நிறுவனங்களைப் பெயர் சொல்லி வெளியிட்டது. ஏழு நாடுகள். அதில் இந்தியா இருந்தது, இஸ்ரேலும் இருந்தது. அதைப் படித்தபிறகும், 2020-இல் இந்தியா தன் சிந்துவீர் நீர்மூழ்கிக் கப்பலை இந்தக் கடற்படைக்குக் கொடுத்தது. ஏழு லட்சம் பேர் கூடாரத்தில் கிடக்கும்போது!

2017-இல் விற்றவனை யாரும் கேட்கவில்லை, 2021-க்கு அவனே மறுபடி விற்றான். அன்றைக்குக் கேட்காதவர்களில் நானும் ஒருவன் என்பதற்காகத்தான் இப்போது எழுதுகிறேன்.


வியாசர்பாடி பேத்தி (சென்னை)
17 மே, மதியம் 12.30

சூலியா அண்ணா எழுதினதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் போனைக் கீழ வைக்க முடியலை.

எங்க தாத்தா பாட்டி 64-ல வந்தவங்க. பர்மா நான் பார்த்ததே இல்லை, பாட்டி செய்யுற மொஹிங்காதான் எனக்குத் தெரிஞ்ச பர்மா. 2009-ல நான் பன்னிரண்டாவது படிச்சுக்கிட்டிருந்தேன். முள்ளிவாய்க்காலுக்காக எங்க ஸ்கூல் வாசல்ல உண்ணாவிரதம் இருந்தோம். பாதுகாப்பு வலயம்னு சொல்லி சனங்களை உள்ளே வரச் சொல்லி, அதுக்குள்ளேயே ஷெல் அடிச்சாங்க. ஆஸ்பத்திரி மேல அடிச்சாங்க. 40,000 பேர் வரைக்கும் செத்திருக்கலாம்னு ஐ.நா. நிபுணர் குழுவே 2011-ல சொல்லுச்சு. சண்டை முடிஞ்சு பத்து நாள்கூட ஆகலை, மே 27-ஆம் தேதி ஜெனீவாவில மனித உரிமைச் சபையில இலங்கையைப் பாராட்டித் தீர்மானம். ஆதரவு 29, எதிர்ப்பு 12, ஒதுங்கினது 6. அந்த 29-ல சீனா, ரஷ்யா, பாகிஸ்தான், இந்தியா எல்லாம் ஒண்ணா நின்னுச்சு. மண்டேலா பிறந்த தென்னாப்பிரிக்காவும் அதுல இருந்துச்சு.

அதுக்கப்புறம் ராஜபக்ச வெளிநாட்டுப் பயணம் போன ஊர் எது தெரியுமா? ஜூன் மாசம், பர்மா. அப்போ பர்மாவை ஆண்ட ராணுவத் தலைவர் தான் ஷ்வேயைப் பார்க்க. நவம்பர்ல அந்தத் தான் ஷ்வே கொழும்புக்குப் போனாரு. நம்மளைக் கொன்னவரும் உங்களைக் கொன்னவரும் விருந்து மாத்திக்கிட்டாங்க. நாம மட்டும் ஈழம் வேற, பர்மா வேறன்னு தனித்தனியா அழுதுக்கிட்டிருக்கோம்.

எங்க ஊர்ல ஈழம்னா எம்.பி.ங்க பார்லிமென்ட்ல எழுந்து பேசுவாங்க. பர்மாவுக்குப் பேச மாட்டாங்க, ஏன்னா யாரும் அவங்ககிட்ட போய்க் கேக்கலை. பாரத் எலக்ட்ரானிக்ஸுக்குச் சென்னையிலயே ஃபாக்டரி இருக்கு. பர்மாவுக்கு என்ன அனுப்புறீங்க, இன்னும் அனுப்புறீங்களான்னு ஒரு எம்.பி. கேள்வி போட்டா அரசாங்கம் எழுத்துல பதில் குடுத்தாகணும். எங்க வார்டுலயே பர்மாக்காரங்க ஓட்டு எத்தனை இருக்கு!


உளுந்து மண்டி
17 மே, மாலை 5.45

தங்கச்சி, 2009-ஐச் சொன்னதும் எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த மே மாதம் நானும் மண்டியை ஒரு நாள் அடைத்துவிட்டுப் போய் நின்றேன்.

சீனாவைப் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. அது இன்னும் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் சிங்கப்பூர்க் கணக்கு எனக்குப் புதுசு. நிறுத்த முடியாது என்றுதான் இத்தனை நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். என் வியாபாரத்தில் ஏற்றுமதிக் காகிதம் இல்லாமல் ஒரு மூட்டை நகராது. ஒவ்வொரு மூட்டைக்கும் இன்ன சரக்கு என்று காட்டும் எச்.எஸ். எண் உண்டு, வாங்குபவர் பெயர் உண்டு. பேரலுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கு அது எங்கே போகிறது என்று தெரிந்திருக்கும்.


சிரியம் தங்கச்சி
18 மே, காலை 7.10

பாசிஜி பத்தி யாரும் எழுதலையேன்னு எழுதுறேன். 2023 ஏப்ரல் 11, தண்ணித் திருநாளுக்கு ரெண்டு நாள் முன்னால. கன்பலு வட்டத்துல சின்ன ஊர். ராணுவத்தை எதிர்க்கிற நிழல் அரசாங்கத்தோட ஆபீஸ் ஒண்ணைத் திறக்கிறாங்கன்னு ஊரே கூடியிருக்கு. சாப்பாடு போடுறாங்க, பிள்ளைங்க நிறைய. காலையில ஜெட் வந்து குண்டு போட்டுச்சு. அப்புறம் ஹெலிகாப்டர் வந்து ஓடுறவங்களைச் சுட்டுச்சு. செத்தவங்க 160-க்கு மேல. உடம்பை எண்ண முடியலை, துண்டு துண்டா இருந்துச்சுன்னு சொன்னாங்க. அன்னிக்கு ராத்திரியே ஆமா நாங்கதான் அடிச்சோம்னு ராணுவம் ஒத்துக்கிச்சு.

ரங்கூன்ல குண்டு விழறதில்லை. அதனாலதான் நமக்கு இது தூரத்துல நடக்குற மாதிரி இருக்கு. ஆனா போன பங்குனியில கோயில்ல கூட்டமா நின்னுக்கிட்டிருந்தப்போ மேல ஒரு விமானம் போச்சு. பயணிகள் விமானம்தான். தீச்சட்டி எடுத்தவங்களைத் தவிர எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். யாரும் ஒண்ணும் பேசிக்கலை.


பெகு மகன்
18 மே, இரவு 10.00

வியாசர்பாடி தங்கச்சி சொன்னதைப் பிடித்துக்கொள்வோம். ஆண்ட்ரூஸின் ரெண்டு அறிக்கைகளிலும் இந்தியாவைப் பற்றிய பகுதியைத் தமிழில் கொண்டுவர வேண்டும். அறிக்கையை நீட்டினால் எந்த எம்.பி. ஆபீஸிலும் படிக்கப் போவதில்லை. தமிழில் நாலு பக்கம், கேட்க வேண்டிய கேள்வி ஒரு பக்கம்.

சிங்கப்பூர்ப் பகுதியை நான் செய்கிறேன். தங்கச்சி எம்.பி. ஆபீஸ்களைப் பார்த்துக்கொள்ளட்டும். உளுந்து அண்ணே, ஏற்றுமதிக் காகிதம் எப்படிப் போகும், எந்த இடத்தில் நிறுத்தலாம் என்று அரைப் பக்கம் எழுதித் தர முடியுமா? கேள்வியைச் சரியான இடத்தில் கேட்க அது உதவும். உள்ளே இருப்பவர்கள் யாரும் எதுவும் செய்ய வேண்டாம், படித்தால் போதும்.


உளுந்து மண்டி
18 மே, இரவு 11.25

எழுதித் தருகிறேன். என் பெயரோ மண்டியின் பெயரோ வரக்கூடாது.


கமாயுட் வாத்தியார்
19 மே, அதிகாலை 3.05

தலைப்பை மூடச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இந்தியாவைப் பற்றிய பகுதியை எனக்கு அனுப்புங்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும் வேலையை நாற்பது வருஷம் செய்திருக்கிறேன். மின்சாரம் இரவு ஒரு மணிக்குத்தான் வருகிறது, ஐந்து மணிக்குப் போய்விடும். அதற்குள் ஒரு பக்கம் முடிக்கலாம். கணினியில் வைத்திருக்க மாட்டேன். கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பிவிட்டுக் காகிதத்தை அடுப்பில் போட்டுவிடுவேன். என் எழுத்து புரியாவிட்டால் உடனே கேளுங்கள், பிறகு மூலம் இருக்காது.

சூலியா தம்பிக்கு ஒன்று. 2017-இல் நானும் அதையேதான் சொன்னேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னேன்.

பேரல் என்பதை அப்படியே விடலாமா, பீரங்கிக் குழல் என்று எழுதலாமா?


பெகு மகன்
19 மே, காலை 6.30

பீரங்கிக் குழல் என்றே எழுதுங்கள் ஐயா. முதல் மூன்று பக்கங்களை இப்போது அனுப்பியிருக்கிறேன்.